கடற்படைத் தளபதி கிருஷ்ணன் வாழ்வும் நம் இளைஞர் கடமையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளைஞர்களுக்கு வழிகாட்டக்கூடிய ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிருவாகக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், தாத்தா இரட்டைமலை சீனிவாசன், பெருந்தலைவர் எம். சி. இராசா ஆகியோரைப் பற்றி இம்மேடையில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. அவர்கள் பெயரை அறியாத பிள்ளை நம் தெருவில் இல்லை. ஆதலால் இம்முறை வேறொருவரை எடுத்துக்கொண்டோம். அவர் இந்தியக் கடற்படையில் வைஸ் அட்மிரல் பதவி வரை உயர்ந்த நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோயிலில் பிறந்த தமிழர். ஆயினும் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். "அவரைப் பற்றி நமக்கு இங்கே என்ன பேச்சு?" என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய விடையை ஒரு மாணவனிடமிருந்து தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஓர் அரசுப் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் நம் பிள்ளை ஒருவன் படித்தான். படிப்பிலும் முதல்வன், ஓட்டத்திலும் முதல்வன். ஒருநாள் செய்தித்தாளில் வந்த விளம்பரம் ஒன்றைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நம் அறைக்கு வந்தான். "ஐயா, கடற்படை அதிகாரி வேலைக்கு எங்களை எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்டான். 'என்னை' என்று அவன் கேட்கவில்லை. 'எங்களை' என்று கேட்டான். அந்த ஒரு சொல்லில் எத்தனை தலைமுறைகளின் அச்சம் இருந்தது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"ஏன் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்? சாதியைக் கேட்டு அங்கே யாரையும் தள்ளுவதில்லை" என்று பெருமையோடு சொல்லிவிட்டு விளம்பரத்தை வாங்கிப் படித்தோம். அது தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் நுழைவுத் தேர்வு அறிவிப்பு. கடற்படைப் பிரிவில் சேர மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவன் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் பெற்றவன். "கணக்குப் பிரிவு கடினம். டியூஷன் வைக்க உன் வீட்டில் வசதி இல்லை. வணிகவியல் எடுத்துக்கொள்" என்று அவனுக்கு அறிவுரை கூறியவர்கள் நாமே. தரைப்படைப் பிரிவுக்கு விண்ணப்பிக்க அவனுக்குத் தடையில்லை; விண்ணப்பித்தான். ஆனால் அத்தேர்விலும் கணிதத்துக்கென்று தனித்தாள் உண்டு. மேல்நிலைக் கணிதம் படிக்காதவன் அதில் என்ன செய்வான்? தேறவில்லை. அந்தப் பிள்ளையைச் சாதி கேட்டு எவரும் தடுக்கவில்லை. அவனுடைய நலம் நாடியவர்களின் அறியாமையே தடுத்தது. அத்தவறு நம்முடையது. அதை இம்மேடையில் ஒப்புக்கொள்வதற்காகவே இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம்.

இனி, கிருஷ்ணனின் வாழ்க்கைக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1919ஆம் ஆண்டு, சூன் 8. அக்காலத்தில் கப்பற்படை அதிகாரி என்றால் வெள்ளையர் என்றே பொருள். இந்தியர் கப்பலில் கரி அள்ளலாம், கயிறு இழுக்கலாம், சமைக்கலாம், தளத்தில் நின்று ஆணையிட முடியாது. நெடுநாள் போராட்டத்துக்குப் பின் 1927ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தில் 'டஃபரின்' என்னும் பயிற்சிக் கப்பல் இந்தியச் சிறுவர்களுக்காகத் திறக்கப்பட்டது. அது வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகளை உருவாக்க ஏற்பட்டது. அங்கிருந்து சிலர் கடற்படைக்கும் சென்றனர். 1928ஆம் ஆண்டில்தான் டி. என். முகர்ஜி என்பவர் பொறியியல் பிரிவில் முதல் இந்திய அதிகாரியாக நியமனம் பெற்றார்.

டஃபரின் கப்பலின் முதல் அணி மாணவர்களுள் ஒருவர் இராம்தாஸ் கட்டாரி. அவர் எங்கே பிறந்தார் தெரியுமா? நம் செங்கற்பட்டில், 1911ஆம் ஆண்டு பிறந்தார். ஐயப்பன்தாங்கலும் அக்காலத்தில் அதே செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்தான். நாடு விடுதலை பெற்ற பிறகும் பத்தாண்டுகளுக்கு மேலாக நம் கடற்படைக்கு ஆங்கிலேயரே தலைமை வகித்தனர். 1958ஆம் ஆண்டு, ஏப்ரல் 22ஆம் நாள்தான் அந்தத் தலைமைப் பொறுப்பை முதல் இந்தியராகக் கட்டாரி ஏற்றார்.

இவ்விரண்டு ஆண்டுகளையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1928இல் வாசல் திறந்தது. 1958இல் தலைமை கிடைத்தது. இடையில் முப்பது ஆண்டுகள். படைத்துறையில் மேற்பதவியை நேரே கொடுப்பதில்லை. இளைஞனாக உள்ளே போனவன் ஒவ்வொரு படியாக ஏறித்தான் உச்சிக்கு வர வேண்டும். வாசல் தாமதமாகத் திறந்தால் தலைமையும் தாமதமாகத்தான் வரும். இந்தக் கணக்கு நாட்டுக்குப் பொருந்தியது. நம் சமுதாயத்துக்கும் பொருந்தும். இதைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

கிருஷ்ணன் அதே டஃபரின் கப்பலில் பயின்று கடற்படையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரசீக வளைகுடாவில் நடந்த நடவடிக்கையில், ஒரு சிறு கலத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 22. பதவி சப் லெப்டினன்ட். அங்கே எதிரியின் இழுவைக் கப்பலைக் கைப்பற்றிய துணிவுக்காக டி.எஸ்.சி. என்னும் வீரப் பதக்கம் பெற்றார். நம் வீடுகளில் 22 வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பவும் தயங்குகிறோம். அங்கே அந்த வயதில் பல உயிர்களின் பொறுப்பு ஓர் இளைஞன் கையில் கொடுக்கப்பட்டது. பொறுப்பைக் கொடுத்தால் இளைஞன் தாங்குவான் என்பதற்கு இது சான்று.

ஆனால் அதே கடற்படையின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. கப்பல்களில் துப்புரவுப் பணிக்கென்று 'டோபாஸ்' என்னும் பெயரில் தனிப்பிரிவு ஒன்று நெடுங்காலம் இருந்தது. ஊரில் யார் அந்தப் பணிக்குத் தள்ளப்பட்டார்களோ, பெரும்பாலும் அவர்களே கப்பலிலும் அந்தப் பணிக்கு எடுக்கப்பட்டனர். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று பழைய நூல்கள் அச்சுறுத்தின. சாதி போகவில்லை, சீருடை அணிந்துகொண்டு கப்பலேறிற்று.

சாதாரண மாலுமிகளின் நிலையும் நன்றாக இல்லை. கெட்டுப்போன உணவும் அதிகாரிகளின் வசைச் சொற்களும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையாக இருந்தன. 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், பம்பாயில் 'தல்வார்' என்னும் கடற்படை நிலையத்து மாலுமிகள் உணவை மறுத்து எழுந்தனர். சில நாள்களில் 78 கப்பல்களுக்கும், ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் அந்த எழுச்சி பரவிற்று. ஆங்கில அரசை உலுக்கிய எழுச்சி அது. கீழே இருப்பவனை மனிதனாக மதிக்காத அதிகாரிக்கு, நெருக்கடி நாளில் கப்பலும் கேட்காது, மாலுமியும் கேட்கமாட்டான் என்னும் பாடத்தை அது எழுதி வைத்தது. நம் பிள்ளைகள் நாளை அதிகாரிகளாகும்போது இப்பாடத்தை அவர்களுக்கு யாரும் தனியே கற்பிக்க வேண்டியிராது. அவமதிப்பு எப்படிச் சுடும் என்பதைத் தன் தெருவிலேயே அறிந்தவன், பிறரை அவமதிக்கமாட்டான்.

போர் முடிந்தது, நாடு விடுதலை அடைந்தது. கிருஷ்ணனின் வாழ்க்கையில் இனி வருவன பெரும்பாலும் அமைதிக் கால ஆண்டுகள். இளைஞர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. திரைப்படத்தில் படைவீரன் வாழ்க்கை முழுவதும் சுட்டுக்கொண்டே இருப்பான். உண்மையில் 1961ஆம் ஆண்டு டிசம்பரில் கோவா, டையூ, டாமன் பகுதிகளைப் போர்த்துகீசியரிடமிருந்து மீட்ட நடவடிக்கை இரண்டு நாள்களுக்குள் முடிந்தது. அதில் கிருஷ்ணன் 'டெல்லி' என்னும் போர்க்கப்பலின் தலைவராக டையூ கடலில் நின்றார். 1971ஆம் ஆண்டுப் போர் பதினான்கு நாள்களில் முடிந்தது. அந்தச் சில நாள்களுக்காக ஆண்டுக்கணக்கில் அவர் செய்தது என்ன? பயிற்சி, பழுது பார்த்தல், வரைபடம் படித்தல், ஆள்களைப் பழக்குதல், கணக்குப் பார்த்தல், மீண்டும் பயிற்சி.

அந்த அமைதிக் காலப் பணிகளுள் ஒன்று மிக முக்கியமானது. நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலாகிய 'விக்ராந்த்' 1961ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்தது. 1963, 1964ஆம் ஆண்டுகளில் அக்கப்பலின் தலைவராகக் கிருஷ்ணன் இருந்தார். அதன் எந்திர அறை முதல் மேல்தளம் வரை அவர் அறிந்தது அப்போதுதான். அந்த அறிவு எட்டு ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது.

1971ஆம் ஆண்டு கிருஷ்ணன் கிழக்குக் கடற்படைத் தளபதியாக விசாகப்பட்டினத்தில் பொறுப்பேற்றிருந்தார். அப்போது விக்ராந்த் கப்பலின் நிலை என்ன? அதன் நான்கு கொதிகலன்களுள் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. முழு வேகத்தில் ஓட முடியாது. போதிய வேகம் இல்லாவிட்டால் தளத்திலிருந்து விமானங்கள் எழும்புவது கடினம். போரில் அதைப் பயன்படுத்தலாமா, துறைமுகத்தில் பாதுகாப்பாக வைக்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. இருப்பதை வைத்து, அதன் எல்லை அறிந்து, போரிடலாம் என்ற பக்கத்தில் கிருஷ்ணன் நின்றார். கப்பலை அறியாதவர் அப்படிச் சொல்லியிருந்தால் அது வீண் துணிச்சல். அதன் தலைவராக இருந்தவர் சொன்னதால் அது கணக்குப் போட்ட துணிவு.

பாகிஸ்தானுக்கும் இந்தக் கப்பலின் அருமை தெரியும். அதை அழிக்கவும், விசாகப்பட்டினத்து முகத்துவாரத்தில் கண்ணிவெடி பதிக்கவும் 'காஜி' என்னும் நீர்மூழ்கிக் கப்பலை நவம்பர் நடுவில் கராச்சியிலிருந்து அனுப்பினார்கள். கிருஷ்ணன் என்ன செய்தார்? விக்ராந்தை அந்தமான் தீவுகளின் பக்கம் கொண்டுபோய் மறைத்தார். ஆனால் அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாகவே ஊரை நம்பச் செய்தார். பெருங்கப்பல் ஒன்று வந்திருப்பதைப்போலச் சந்தையில் ஏராளமான உணவுப் பொருள்களுக்குச் சொல்லி வைத்தனர். 'ராஜ்புத்' என்னும் பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்தைப்போல நடித்து, கடலில் நின்று வானொலிச் செய்திகளை ஓயாமல் அனுப்பிற்று. ஒரு மாலுமி, நோயுற்ற தன் தாயின் நலம் கேட்பதுபோன்ற தந்தியும் அவற்றுள் ஒன்று. பெரிய கப்பல் ஒன்றில்தான் அத்தனை போக்குவரத்து இருக்கும் என்று எதிரி நம்பினான்.

டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவு, ராஜ்புத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டபோது, நீருக்கடியில் ஏதோ அசைவது கண்டு அதன் மீது வெடிகுண்டுகளை வீசிற்று. சற்று நேரத்தில் கரையில் இருந்தவர்கள் பெரியதோர் ஓசையைக் கேட்டனர். பின்னர் மீனவர்கள் மிதந்த பொருள்களைக் கண்டெடுத்தனர். முக்குளிப்போர் இறங்கிப் பார்த்து, மூழ்கியது காஜியே என்று உறுதி செய்தனர். ராஜ்புத்தின் குண்டுகளால் அது மூழ்கியது என்பது நம் கடற்படையின் கூற்று. உள்ளே ஏற்பட்ட வெடிப்பாலோ, அது பதித்த கண்ணியாலோ மூழ்கியிருக்கலாம் என்று கூறுவோரும் உளர். எப்படியாயினும், இல்லாத கப்பலைத் தேடி அது அங்கே வந்து நின்றதற்குக் காரணம் கிருஷ்ணன் விரித்த வலை.

வெற்றியைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. காஜியில் இருந்த தொண்ணூறுக்கு மேற்பட்ட மாலுமிகளும் தாய் வயிற்றில் பிறந்தவர்களே. அதே போரில், டிசம்பர் 9ஆம் நாள் இரவு, மேற்குக் கடலில் நம் 'குக்ரி' கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். போரைப் பாராட்ட நாம் இங்கே கூடவில்லை. படைப் பணியை விரும்பும் பிள்ளை அதன் விலையையும் அறிந்தே விரும்ப வேண்டும்.

காஜி மூழ்கியதும் கடல் வழி திறந்தது. டிசம்பர் 4ஆம் நாள் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங் துறைமுகத்தையும் தாக்கின. ஒரு கொதிகலன் பழுதான அந்தக் கப்பல்தான் வங்கக் கடலை அடைத்து நின்றது. கடல் வழியே தப்பவும் உதவி பெறவும் முடியாமல் பாகிஸ்தான் படை முடங்கிற்று. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் சரணடைவுப் பத்திரம் கையெழுத்தானபோது, அந்நிகழ்ச்சியில் கடற்படையின் சார்பில் நின்றவர் கிருஷ்ணன். 1941ஆம் ஆண்டு சிறு கலத்தில் தொடங்கிய பயணம் அங்கே வந்து சேர்ந்தது. இங்கும் முப்பது ஆண்டுகள்! அந்தப் போர்க்கதையைத் தாமே நூலாக எழுதி 1980ஆம் ஆண்டு வெளியிட்டார். 1982ஆம் ஆண்டு மறைந்தார்.

அன்பர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது என்ன? நம் ஊர்ப் பெயரே அதைச் சொல்லும். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. மழை பெய்யும்போது கரையைக் கட்டி வைத்தவனே கோடையில் நாற்று நடுவான். இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் ஏரிக் கரையைக் காத்து, மடையைத் திறந்து மூடி, ஊருக்கெல்லாம் நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம் முன்னோரே. பயிர் ஊராருடையது, பாடு நம்முடையது. ஆனால் அவர்கள் கற்ற பாடம் நம்முடையதுதான்: தண்ணீர் வேண்டிய நாளில் கரை கட்டத் தொடங்கக் கூடாது. கிருஷ்ணன் வங்கக் கடலில் செய்ததும் அதுவே. போர் வந்தபின் அவர் தயாராகவில்லை. 1963ஆம் ஆண்டிலேயே தயாரானார்.

படைக்கும் நமக்கும் உள்ள உறவு புதியதன்று. இதோ நம் வாசலில் ஓடும் மவுண்ட் - பூந்தமல்லிச் சாலை, பரங்கிமலைப் படைப் பாளையத்தையும் பூவிருந்தவல்லிப் பாளையத்தையும் இணைத்த சாலை. பழைய சென்னைப் படையிலும், அதன் சுரங்கப் பிரிவிலும் நம் முன்னோர் திரளாகப் பணியாற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இன்ன இனத்தவரே வீர இனத்தவர் என்று ஆங்கிலேயர் ஒரு கொள்கையை வகுத்தனர். தென்னாட்டுப் படைகள் சுருங்கின. மராட்டிய நாட்டு மகர் மக்களுக்கும் படையின் கதவு அடைக்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். படை அவருக்குச் சோற்றை மட்டும் கொடுக்கவில்லை, எழுத்தையும் கொடுத்தது. அந்த எழுத்துதான் அவர் வீட்டில் அம்பேத்கராக வளர்ந்தது. மகர் படைப்பிரிவு மீண்டும் அமைந்தது 1941ஆம் ஆண்டில். ஒரு கதவு அடைபட்டால் இழப்பது சம்பளம் மட்டுமன்று, ஒரு தலைமுறையின் கல்வியும்கூட என்பதற்கு இவ்வரலாறே சாட்சி.

இன்று அந்தக் கதவுகள் எந்நிலையில் உள்ளன? ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறோம். படைத்துறைச் சேர்க்கையில் இடஒதுக்கீடு இல்லை. இது சரியா தவறா என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் வாதம் முடியும்வரை நம் பிள்ளைகளின் வயது காத்திராது. தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வுக்குப் பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரையே இடமுண்டு. நம்மவர்க்கு வயதில் சலுகை இல்லை. விண்ணப்பக் கட்டணம் மட்டும் இல்லை. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடைபெறுகிறது. கணிதத்துக்கு 300 மதிப்பெண்; பொது அறிவுத் தாளுக்கு 600, அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது, தமிழில் இல்லை. எழுத்துத் தேர்வில் தேறியவர்க்கு, 900 மதிப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு பல நாள்கள் நடைபெறும். அதில் பேச்சு, துணிவு, குழுவாக வேலை செய்யும் திறன் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். தேர்வு பெற்றால் புனே அருகில் கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுப் பயிற்சி. பின்னர்க் கேரளத்து எழிமலையில் கடற்படைக் கழகம். பயிற்சிக்கும் உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஆகும் செலவை அரசே ஏற்கிறது. கிருஷ்ணன் காலத்தில் வீட்டு வசதி வாசலைத் திறந்தது. இன்று திறப்பது கணிதமும் ஆங்கிலமும்.

இதற்கு முன்னதாக இன்னொரு வாசலும் உண்டு. உடுமலைப்பேட்டை அருகில் அமராவதி நகரில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அங்கே தாழ்த்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 15 இடம் ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். நம் சங்கத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் எத்தனை பேர் இதை இதற்கு முன் கேட்டிருக்கிறோம்? கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. பள்ளித் தலைமையாசிரியராகிய நாமே பல ஆண்டுகள் அறியாதிருந்தோம்.

பெண்பிள்ளைகளுக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டபின் தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது. 2022ஆம் ஆண்டு சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025ஆம் ஆண்டு மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர். நம் முப்பது ஆண்டுக் கணக்கை நினைவிற்கொள்ளுங்கள். வாசல் திறந்த அன்றே உள்ளே நுழைந்தவர்கள்தாம் நாளை மேலே நிற்பார்கள். இந்த வாசலிலாவது நம் பெண்கள் பின்வரிசையில் நிற்க வேண்டாம்.

நம் பிள்ளைகளில் சிப்பாயாகவும் மாலுமியாகவும் சேர்ந்தவர்கள் உளர். அவர்கள் பணி போற்றத்தக்கது; அதைச் சிறிதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஆணையை ஏற்கும் இடத்தில் மட்டுமே ஒரு சமுதாயம் நிற்குமானால், அதன் அறிவில் பாதி பயன்படாமல் போகும். எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அறையிலும் நம் பிள்ளை அமர வேண்டும். அறிவிலும் துணிவிலும் அவனுக்குக் குறைவில்லை. செய்தி உரிய வயதில் அவனுக்கு எட்டுவதில்லை; அதுவே குறை.

ஆகவே, இந்த வெள்ளி விழாவில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, சங்கக் கட்டடத்தின் வெளிச்சுவரில் கரும்பலகை ஒன்று அமைக்க வேண்டும். எந்தத் தேர்வு, எந்த வயது, என்ன பாடம், எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் என்பவை அதில் மாதந்தோறும் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, எட்டாம் வகுப்பு முதல் சனிக்கிழமைதோறும் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கும் வகுப்பு நடைபெற வேண்டும். விழாச் செலவில் மிஞ்சும் தொகையை மாலைக்கும் மேடைக்கும் அன்றி இதற்கே ஒதுக்க வேண்டும். கணித வகுப்பை நாமே எடுக்க இசைகிறோம். மூன்றாவது, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எந்தப் பிரிவை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன், பெற்றோர் சங்கத்துக்கு அழைத்து வர வேண்டும். "கணக்குக் கடினம்" என்று இனி நாமும் சொல்லமாட்டோம், நீங்களும் சொல்லாதீர்கள்.

இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, இச்சங்கத்தின் பொன் விழா வரும்போது முப்பத்தெட்டு வயதாகும். கிருஷ்ணன் டெல்லி கப்பலின் தலைவராக டையூ கடலில் நின்றபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கணக்கு எட்டாததன்று. ஆனால் கரையை இந்த மழையிலேயே கட்ட வேண்டும்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். இன்று அவன் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான். தன் உழைப்பால் குடும்பத்தைக் காக்கிறான். நம்மீது அவனுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். கரும்பலகைத் திட்டத்தை அவனிடம் கூறியபோது, "கணக்குச் சொல்லித் தர எனக்குத் தெரியாது ஐயா. ஆனால் தேதிகளை எழுதிப்போடும் வேலையை எனக்குக் கொடுங்கள். ஒரு தேதியும் தவறாது" என்றான். அந்த வேலையை அவனுக்கே கொடுக்குமாறு சங்கத்தைக் கேட்டு அமைகிறோம்.